துடுக்கன் அபூசாலியும் பூவரசங் கப்பும்

அபூசாலியை அவனுடைய பெயரால் கூப்பிடுகிறவர்கள் ஊரில் குறைவு. அரசாங்கக் கந்தோரில் அடையாள அட்டையைப் பார்த்து வாசிக்கிறவர் கூப்பிடுவார். கோபம் வந்தால் மனைவி றம்லா கூப்பிடுவாள். மற்றப்படி முசலிக் கரையில் இருக்கிற அந்தச் சின்ன ஊருக்கு அவன் நாற்பது வருஷமாகத் துடுக்கன்தான். பெயரைக் கேட்டு ஒரு சண்டியனை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஒல்லியான ஆள், நெற்றிக்கு மேலே ஏறிய வெள்ளைத் தொப்பி, பாதி மடித்துக் கட்டிய சாரம். அவன் காலில் இரண்டு செருப்பும் ஒரே சோடியாக இருந்ததை யாரும் கண்டதில்லை. பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது காலில் பட்டதை மாட்டிக்கொண்டு ஓடுகிறவன் அவன்.

பெயரை வைத்தது பக்கத்து வளவுக் கதீஜா ராத்தா. ராத்தா என்றால் அக்கா; உறவு ஒன்றும் இல்லை, வேலி ஒன்றுதான். அவனுக்கு ஏழு வயது, அவள் ஆதம்பாவாவைக் கலியாணம் முடித்து வந்த புதிது. கரையில் ஆதம்பாவாவின் வலையில் வந்த திருக்கை ஒன்று மணலில் கிடந்தது. வாலைத் தொடாதே என்று பத்துப் பேர் கத்தினார்கள். பத்தாவது ஆள் கத்தி முடிக்கும்போது வால் அபூசாலியின் கையில் இருந்தது. கை வீங்கிப் பதினைந்து நாள் காய்ச்சலில் கிடந்தான். வேலியைத் தாண்டி வந்து கைக்கு ஒத்தடம் கொடுத்தவள் கதீஜாதான். "டேய் துடுக்கா, உனக்குக் கை முன்னுக்கு ஓடுது, புத்தி பின்னால மூச்சு வாங்கிக்கொண்டு வருது" என்றாள். அழுதுகொண்டிருந்தவன் சிரித்துவிட்டான். அன்றிலிருந்து அவள் வாயில் அதுதான் அவனுக்குப் பெயர். அதில் செல்லம்தான் இருந்தது.

அந்தச் சொல்லை வைத்துப் பிரசங்கம் செய்ய ஊரில் ஒருவர் இருந்தார். அப்துல் றசாக் மாஸ்டர், தமிழ் வாத்தியாராக இருந்து இளைப்பாறியவர், பள்ளிவாசல் நிர்வாகத்தின் குறிப்பேட்டை எழுதுகிறவர். தொண்ணூறில் ஊரை விட்டுப் போகும்போது அரிசிப் பைக்குள் ஒளித்துக் கொண்டுபோன ஓர் அகராதி அவரிடம் இருந்தது. அட்டையும் முதல் முப்பது பக்கமும் போய்விட்டன, நல்லகாலம் துடுக்கு பிந்தி வருகிற சொல். அதற்கு அந்த அகராதியில் நாலு பொருள். முதலில் சுறுசுறுப்பு, பிறகு குறும்பு, பிறகு முன்பின் பாராத செய்கை, கடைசியில் கொடுமை.

"பாருங்க, படி மாதிரி இறங்கிக்கொண்டு போகுது" என்பார் மாஸ்டர். "பிள்ளைகளின்ர பாட்டில துடுக்கு எண்டு வந்தால் கன்னத்தைக் கிள்ளச் சொல்லும். பெரிய கதைகளில ஒரு கெட்டவனுக்குப் பக்கத்தில அதே சொல் வந்தால் கழுத்தைப் பிடிக்கச் சொல்லும். எழுதுறவன் எந்தப் படியில நிண்டு எழுதுறான் எண்டு பார்க்கவேணும்."

"அபூசாலி எந்தப் படி மாஸ்டர்?" என்று யாராவது சீண்டுவார்கள்.

"அவன் எங்க ஒரு படியில நிக்கிறான்? ரெண்டாம் படிக்கும் மூண்டாம் படிக்கும் ஓடித் திரியிறான்."

ஓடித் திரிந்தது உண்மைதான். நிக்காஹ் அன்றைக்கு றம்லாவின் வாப்பா "என் மகளை..." என்று வாயைத் திறக்கும் முன்பே "ஏற்றுக்கொண்டேன்" என்று மூன்று தரம் சொல்லி முடித்துவிட்டான். நிக்காஹ் நடத்த வந்த கதீபு சிரிப்பை அடக்க முடியாமல் தாடியைத் தடவி, முதலில் இருந்து தொடங்க வேண்டியதாயிற்று. றம்லா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள், வெட்கப்பட்டுக்கொண்டேதான் சொல்வாள். தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் இயக்கம் முஸ்லிம்களை ஊரை விட்டுப் போகச் சொன்னபோது, கரையெல்லாம் அழுகையும் மூட்டையுமாக இருந்தபோது, அவன் கால் முறிந்து படுக்கையில் கிடந்த ஆதம்பாவாவைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வள்ளத்தில் ஏற்றினான். யாரும் கேட்கவில்லை. அந்த அவசரத்தில் தன்னுடைய பையைக் கரையிலேயே விட்டுவிட்டான். வீட்டார் எல்லாருடைய அட்டைகளும் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும் அதற்குள். புத்தளத்து முகாமில் அந்தக் கடதாசிகளுக்காக அவன் நின்ற வரிசைகளை ஒன்றாக நிறுத்தினால் மன்னார்ப் பாலம் வரைக்கும் வரும். ஆனாலும் ஆதம்பாவா கண்ணை மூடும் வரைக்கும், "துடுக்கன் இல்லாட்டி நான் அந்தக் கரையிலயே கிடந்திருப்பன்" என்றுதான் சொன்னார்.

இரண்டாயிரத்துப் பத்தில் திரும்பிப் போகலாம் என்றார்கள். இருபது வருஷம் ஆகியிருந்தது. மிதிவெடி பார்க்கிறவர்கள் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, ஆண்களில் முப்பது பேர் காடு வெட்ட முதலில் வந்து சேர்ந்தார்கள். அபூசாலியும் வந்தான். ஊர் இருக்கவில்லை. விடத்தல் முள்ளும் உடைந்த சுவரும் இருந்தன. பள்ளிவாசல் இருந்த இடத்தில் ஒரு பக்கத்துத் தூண் மட்டும் நின்றது. அந்தத் தூணில் தறப்பாளைக் கட்டித்தான் தொழுதார்கள். அபூசாலி முதல் நாள் தன்னுடைய வீட்டைத் தேடி அரை நாள் அலைந்து, கடைசியில் முற்றத்துச் சீமெந்துக்குள் தன்னுடைய சின்ன வயதுக் கால் அடையாளத்தைக் கண்டுபிடித்தான். காயும் முன்பே மிதித்தது. அதைப் பார்த்து அழுதான், பிறகு எல்லாரையும் கூட்டிவந்து காட்டினான்.

அந்தக் கிழமை ஒரு கதை பரவியது. ஞாயிற்றுக்கிழமை அதிகாரிகள் வருகிறார்கள், துப்புரவாக்கிய வளவுகளுக்குத்தான் கூரைத் தகரம் கொடுக்கப் பெயர் பதிவார்கள், மற்றவர்கள் அடுத்த தரம் வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லாரும் நம்பினார்கள். றசாக் மாஸ்டர் ஆட்களைக் கூட்டிச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை லொறி வருது. வயசான ஆக்களும் பெண்களும் வருவினம். எல்லை தெரிஞ்சவை அவைதான். அதுவரைக்கும் அவரவர் கையால வெட்டுங்க. மெசின் வேண்டாம்." எல்லாரும் சரி என்றார்கள். அபூசாலியும் சரி என்றான், மற்றவர்களுக்கு முன்பே சொன்னான்.

புதன்கிழமை பிரதான பாதையைத் துப்புரவு செய்த, மண் வழிக்கிற பெக்கோ மெசின் ஒன்று மத்தியானம் வேலை இல்லாமல் நின்றது. டிரைவரோடு அபூசாலி ஒரு வெற்றிலை போட்டுக்கொண்டு கதைத்தான். கதைத்துக்கொண்டிருந்தபோது அவனுக்குக் கதீஜா ராத்தாவின் ஞாபகம் வந்தது. ஆதம்பாவா புத்தளத்தில் மவுத்தாகி ஆறு வருஷம். அவளுக்குக் காடு வெட்ட ஒரு ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அதிகாரிகள் வந்து அவளுடைய வளவில் முள்ளைப் பார்த்துவிட்டுப் போனால் என்ன செய்வாள்? இந்தக் கேள்வி வந்ததுதான் தாமதம், அவன் மெசினின் படியில் ஏறி நின்று வழி காட்டிக்கொண்டிருந்தான்.

தன் முற்றம் தெரிந்தாலும், வேலி அழிந்த காட்டில் அடுத்த வளவு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஆனால் கதீஜாவின் கிணற்றடியில் ஒரு பூவரசு நின்றது அவனுக்கு நல்ல ஞாபகம். முள்ளுக் காட்டுக்கு நடுவே பெரிய பூவரசு ஒன்று தலையைக் காட்டியது. "அதுதான், அதுதான்!" என்று கத்தினான். அந்த மரத்தில் இருந்து வளவைக் கணக்குப் பண்ணி, தெற்குப் பக்கமாக வழிக்கச் சொன்னான். இரண்டு மணித்தியாலத்தில் முள்ளும் கல்லும் மேல்மண்ணும் ஒரு பக்கமாகக் குவிந்தன. மரம் மிஞ்சியது. ராத்தாவின் குடிலுக்குத் தூணாக நடக் கப்பு வேண்டுமே என்று அதையும் கோடரியால் தானே வெட்டி, எட்டுக் கப்பாகத் தறித்துப் பாதை ஓரம் அடுக்கினான். அடிக்கட்டையில் கால் தடுக்கி விழுந்து முழங்காலும் உரசுப்பட்டது. இன்னொருவர் தடுக்கக் கூடாதென்று குவியலில் இருந்து முள்ளை அதன்மேல் இழுத்துப் போட்டான். பின்னேரம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அந்த வெளிச்ச வெளியைப் பார்த்தபோது அவனுக்கு உண்டான சந்தோஷத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு விதவைக்கு வளவு துப்புரவாக்கிக் கொடுத்தவனுடைய சந்தோஷம் அது.

வெள்ளிக்கிழமை காலமை லொறி வந்தது. இறங்கியவர்களில் பழைய மோதினாரும் ஒருவர். ஊரில் பாங்கு சொன்ன காலத்தில் இருந்து மையத்துக்களுக்குக் குழி அளந்தவர் அவர்தான். அபூசாலி அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் வேலையைக் காட்டினான். மோதினார் வெளியைப் பார்த்தார். குவியலைப் பார்த்தார். குனிந்து ஒரு சாண் நீளமான வெள்ளை முருகைக் கல் ஒன்றை இழுத்து எடுத்தார். இன்னொன்றை எடுத்தார்.

"இது மீசான்" என்றார்.

கபுறு என்கிற புதைகுழியின் தலைமாட்டில் நடுகிற அடையாளக் கல் அது. அந்தக் கரையில் அதில் பெயர் எழுதுகிற வழக்கம் இல்லை, தெரியாதவனுக்கு வெறும் கல்தான். கிணற்றடிப் பூவரசு எப்போதோ பட்டுப்போயிருந்தது. கதீஜாவின் உண்மையான வளவு முப்பது அடி வடக்கே முள்ளுக்குள்ளேயே கிடந்தது. அபூசாலி வழித்தது ஊர் மையத்துக்களை அடக்குகிற மையவாடியை. மெசின் மேல்மண்ணைத்தான் வழித்திருந்தது, ஆழம் போகவில்லை, அல்லாஹ் காப்பாற்றினான். ஆனால் அந்தப் பக்கத்து ஒன்பது கபுறுகளின் கல்லும் குவியலுக்குள் போயிருந்தன. எந்தக் கல் எந்தத் தலைமாட்டில் நின்றது என்று இனி யாருக்குத் தெரியும்?

ஏசினார்கள். ஏசாமல் என்ன செய்வார்கள்? இருபது வருஷம் அந்நிய மண்ணில் இருந்து, திரும்பி வந்ததும் முதலில் சலாம் சொல்லப் போகிற இடம் அது. அபூசாலி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றான். அப்போதுதான் கதீஜா முன்னுக்கு வந்தாள்.

அவளுக்கு ஒரே ஒரு பிள்ளை. கலியாணமாகிப் பத்து வருஷம் காத்திருந்து பெற்ற அஸ்மி. எண்பத்து நாலில், ஆறு வயதில், நெருப்புக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. அபூசாலி அந்த மாதம் கற்பிட்டி வாடியில் மீன்பிடிக்கப் போயிருந்தான், அடக்கத்துக்கு இருக்கவில்லை. பெண்கள் மையவாடிக்குள் போவது ஊர் வழக்கம் இல்லை, கதீஜாவும் போகவில்லை. பிள்ளையை அடக்கிவிட்டு ஆதம்பாவா தலைமாட்டில் பச்சைக் கொப்பு ஒன்றை ஊன்றினார், ஈரம் காயும் வரைக்கும் அது பிள்ளைக்காக அல்லாஹ்வைத் துதித்துத் தஸ்பீஹ் செய்யும் என்று. அந்தக் கொப்பு காயவில்லை, வேர் விட்டது. கதீஜா தன் அடுப்படி வாசலில் நின்றால் வேலிக்கு மேலாக அது தெரியும். முதலில் ஒரு இலை. பிறகு ஒரு கொத்து. ஆறு வருஷம் அவள் சோறு வடித்ததும் மீன் அரிந்ததும் அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டுதான்.

"தெக்குப் பக்கமா ஒரு பூவரசு நிண்டது" என்றாள். "அஸ்மிட தலைமாட்டில. அது எங்க?"

யாருக்கும் தெரியவில்லை. யானை முறித்திருக்கும் என்றார் ஒருவர். வறட்சியில் பட்டிருக்கும் என்றார் இன்னொருவர். அபூசாலியின் கண் மட்டும் பாதை ஓரத்துக்குப் போனது. எட்டுக் கப்பும் பட்டை காயாமல் அடுக்கியபடி கிடந்தன.

கதீஜா அவனைப் பார்த்தாள். "அபூசாலி, நீங்க இங்க எங்கயாவது ஒரு பூவரசைக் கண்டீங்களா?"

நாற்பது வருஷத்தில் அவள் அவனைப் பெயர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தரம். நீங்க என்றதும் முதல் தரம். ஊர் முழுக்க ஏசியது உறைக்காத இடத்தில் அது உறைத்தது.

"இல்ல ராத்தா" என்றான்.

வாய் அப்படித்தான், அவனுடைய கையைப் போலவே அதுவும் முந்திக்கொள்கிறது. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே கேட்டது. கதீஜா தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனாள்.

அடுத்த நாள் இளந்தாரிகள் கதீஜாவின் சரியான வளவைக் கையால் வெட்டி, குடில் போட்டுக் கொடுத்தார்கள். பாதை ஓரம் கப்பு அடுக்கிக் கிடக்கிறதே என்று அதையே எடுத்து நட்டார்கள். அபூசாலி பார்த்துக்கொண்டு நின்றான். தறப்பாளின் ஒரு மூலையைப் பிடி என்றபோது பிடித்தான். ஞாயிற்றுக்கிழமை அதிகாரிகள் வந்தார்கள். துப்புரவான வளவு, முள்ளு வளவு எல்லாவற்றையும் ஒன்றாகப் பதிந்துகொண்டு போனார்கள். அந்தக் கதையே பொய். அதைக் கேட்டபோது அபூசாலி சிரித்தான், அந்தச் சிரிப்பைப் பார்த்து றம்லாவுக்குப் பயமாக இருந்தது.

அதன் பிறகு அவன் மாறிப்போனான். ஒன்றைக் கேட்டால் நின்று யோசித்துப் பதில் சொன்னான். செருப்பைப் பார்த்துப் போட்டான். வலை இழுக்கக் கூப்பிட்டால் "பார்ப்பம்" என்றான். துடுக்கனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று ஊர் திருப்திப்பட்டது. றம்லாவுக்கு மட்டும் சரிப்படவில்லை. "உங்களுக்கு உடம்புக்கு என்ன? வைத்தியரிட்டக் காட்டுவமா?" என்றாள். ஒன்றுமில்லை என்றான், அதையும் யோசித்துத்தான் சொன்னான்.

ஒவ்வொரு நாளும் விடியற்காலைச் சுபஹு தொழுகைக்குப் பிறகு கதீஜா தன் குடிலில் இருந்து நடந்து, பழைய வேலி நின்ற கோட்டுக்கு வந்து நிற்பாள். வேலி இல்லை, தடுக்க யாரும் இல்லை. ஆனாலும் அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு அடி வைக்கமாட்டாள். வெளியை இந்தத் தலையில் இருந்து அந்தத் தலை வரைக்கும் பார்ப்பாள். ஒரு பிடி கிடைத்தால் போதும் என்கிற பார்வை. பிறகு திரும்பிவிடுவாள். அபூசாலி தன் வளவில் இருந்து அதைப் பார்ப்பான். குவியலின் மேற்குப் பக்க ஓரத்தில், முள்ளுக்கு அடியில் அடிக்கட்டை கிடக்கிறது. எத்தனை எட்டு நடக்கவேண்டும் என்றுகூட அவனுக்குத் தெரியும். இந்த உலகத்தில் அஸ்மி எங்கே படுத்திருக்கிறான் என்று தெரிந்த ஒரே ஆள் அவன்தான், அந்த மரத்தை வெட்டியவன் என்ற படியால். சொன்னால் மரத்தைச் சொல்லவேண்டும், பொய்யையும் சொல்லவேண்டும். அவளுடைய குடிலைத் தாங்கி நிற்கிற கப்பையும் சொல்லவேண்டும். நாளைக்குச் சொல்வோம் என்று நினைப்பான். இப்படி இருபது நாள் போயிற்று.

மோதினார் வரிசையை ஞாபகப்படுத்தி எட்டுக் கல்லுக்கு இடம் சொல்லிவிட்டார். சின்னப் பிள்ளைகளின் கபுறு வரிசையில் அடங்காது, இடுக்கில் எங்கேயாவது வைப்பது, அதனால் ஒரு கல் மிஞ்சியது. அடுத்த சனிக்கிழமை மையவாடிக்கு முள்ளுக்கம்பி வேலி அடிப்பதென்று முடிவாயிற்று. வேலி அடித்தால் அதற்குப் பிறகு கிண்டுவதும் தேடுவதும் இல்லை. "எங்கயாவது ஒரு இடத்தில நடுவம் ராத்தா, அல்லாஹ்வுக்குத் தெரியும்தானே" என்றார் மாஸ்டர், நல்ல மனதோடுதான். "அல்லாஹ்வுக்குத் தெரியும்" என்றாள் கதீஜா. "எனக்கும் தெரியவேணும்."

அந்தக் கிழமை மழை பிடித்தது. வெள்ளிக்கிழமை காலமை தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டக் குனிந்த கதீஜா, குடிலின் பின்பக்கக் கப்பில் பச்சையாக எதையோ கண்டாள். கிட்டப் போய்ப் பார்த்தாள். பூவரசங் கப்பு துளிர்த்திருந்தது. மூன்று சின்ன இலை. அவள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு அந்தக் கப்பின் அடியில் வெகுநேரம் இருந்தாள். பிறகு ஒரு இலையைக் கிள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஜும்ஆ முடிந்த பிறகு கூட்டம். தறப்பாளுக்குக் கீழே ஆண்கள், ஒரு சீலைத் திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள். றசாக் மாஸ்டர் குறிப்பேட்டை விரித்து, நடந்ததை முறையாக எழுதி வைத்ததை வாசித்தார். பாவம், அவர் இரண்டு நாள் அந்த வசனத்தோடு மல்லுக்கட்டியிருந்தார். அபூசாலியை இழிவுபடுத்தவும் கூடாது, நடந்ததை மறைக்கவும் கூடாது.

"...சகோதரர் அபூசாலி அவர்களின் துடுக்குத்தனத்தால் மையவாடியின் ஒரு பகுதிக்குச் சேதம் நேர்ந்தது. அவருடைய எண்ணம் நல்லது என்றபடியால் சபை அவரை மன்னிக்கிறது."

நல்ல வசனம்தான். எல்லாரும் தலையாட்டினார்கள். விஷயம் அதோடு முடிந்துவிட்டது, அபூசாலி வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்.

அவன் எழுந்துவிட்டான். "அந்தச் சொல்லை வெட்டுங்க மாஸ்டர்."

"ஏன்? பாரதூரமான சொல் இல்லையே. உனக்கு ஊர் வச்ச பேர்தானே."

"அதுதான் சொல்லுறன். அது ராத்தா எனக்கு வச்ச பேர். அதை இதுக்குப் போடாதீங்க." தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தான். "மெசினை விட்டது துடுக்கு, சரி. மரத்தை வெட்டினதும் துடுக்கு. அந்தப் பூவரசை நாந்தான் வெட்டினன். ராத்தாட குடிலில நிக்கிற கப்பு அதுதான். அண்டைக்கு ராத்தா கேட்டதுக்கு, இல்லை எண்டு சொன்னன். அதுவும் வாய்த் துடுக்கு எண்டே வச்சுக்கொள்ளுங்க. அடுத்த நாள் காலம எழும்பிச் சொல்லியிருக்கலாம்தானே? இருபது நாள். ஒவ்வொரு நாளும் அவ அந்தக் கோட்டில வந்து நிண்டு பார்க்கிறதை நான் பார்த்தன். யோசிச்சன் மாஸ்டர். என்ர சீவியத்தில முதல் தரம் நல்லா யோசிச்சு, யோசிச்சுத்தான் சொல்லாம விட்டன். யோசிச்சுச் செய்ததுக்குத் துடுக்கு எண்டு போட்டால் பொய். வேற சொல் இருந்தால் போடுங்க."

மாஸ்டர் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். நாலு படியிலும் ஏறி இறங்கிப் பார்த்திருப்பார். குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தில் கடைசியில் இருக்கிறது இரண்டே வசனம். "மரத்தை வெட்டியவர் அபூசாலி. இடத்தைக் காட்டியவரும் அபூசாலி." அதை அவர் எழுதியது பிந்தித்தான், அன்றைக்கு எழுத நேரம் கிடைக்கவில்லை.

சீலைத் திரை விலகியது. கதீஜா வெளியே வந்து நின்றாள். கையில் அந்த இலை. அவனிடம் கேட்கத்தான் கொண்டுவந்திருந்தாள். கேட்கத் தேவையில்லாமல் போயிற்று.

"எங்க?" என்றாள்.

"வாங்க ராத்தா" என்று அபூசாலி நடந்தான். ஒரு காலில் தன்னுடைய செருப்பு, மற்றக் காலில் யாருடையதோ.

"பெண்கள் மையவாடிக்குள்ள..." என்று சபையில் ஒருவர் தொடங்கினார்.

"வேலி இப்ப இல்லைத்தானே காக்கா" என்றான் அபூசாலி திரும்பாமல். "நாளைக்கு அடிச்ச பிறகு கதைப்பம்." மாஸ்டர் எழுந்து பின்னால் போனார். எல்லாரும் போனார்கள்.

அந்தக் கோட்டில் வந்து கதீஜா நின்றாள். இருபது நாளும் நின்ற அதே இடம். ஒரு தரம் மூச்சை இழுத்து விட்டாள், பிஸ்மி சொன்னாள், காலைத் தூக்கி வைத்தாள்.

அபூசாலி குவியலின் மேற்கு ஓரத்து முள்ளை வெறுங்கையால் இழுத்து எறிந்தான். கையெல்லாம் கீறி இரத்தம் வந்தது. அடியில் அடிக்கட்டை இருந்தது. அதிலும் சுற்றிவர துளிர்த்திருந்தது, முள்ளுக்கு அடியில் வெளிச்சம் இல்லாமல் வெளிறிப்போய். கதீஜா அதன் பக்கத்தில் மண்ணில் குந்தி இருந்தாள். உள்ளங்கையை விரித்து மணலில் வைத்தாள். தன்னுடைய குடிலைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு கையைப் பார்த்தாள்.

"இவ்வளவு கிட்டயா?" என்றாள். "இவ்வளவு கிட்டயா இருந்தவன்?"

அபூசாலிக்கு நிற்க முடியவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஓடிப்போய் அந்த மிஞ்சிய கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். மூச்சு வாங்க அதைத் தலைமாட்டில் குத்தி நடக் கையை ஓங்கினான்.

கதீஜா தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.

"டேய் துடுக்கா" என்றாள். "மெதுவாடா. பிள்ளை படுத்திருக்கிறான்."

அபூசாலி முழங்காலை மண்ணில் ஊன்றி, கல்லை மெதுவாக வைத்தான்.